பி.டி.எஸ். இடத்துக்காக நீட் எழுதுவோருக்கு: பாடத்திட்டம் முதல் கலந்தாய்வு வரை

பல் மருத்துவத்துக்கென்று தனி நுழைவுத் தேர்வு கிடையாது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு எழுதும் அதே நீட்தான் பி.டி.எஸ்.ஸுக்கும். தமிழ்நாட்டில் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடந்த சேர்க்கை, 2017-லிருந்து நீட் தரவரிசைக்கு மாறியது. நான்காண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி என்று ஐந்து ஆண்டுகள் ஓடும் படிப்புக்கான வாசல் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலின் மூன்று மணி நேரம்.

தேர்வு ஒன்றுதான் என்றாலும் தயாரிப்பு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அரசு எம்.பி.பி.எஸ். இடத்துக்கு 45 இயற்பியல் கேள்விகளையும் துரத்த வேண்டியிருக்கும். அரசு பி.டி.எஸ். இடங்கள் பொதுவாக அதைவிடக் கீழான தரவரிசை வரை போகும். எனவே பி.டி.எஸ்.ஸை நோக்கிப் படிப்பவருக்கு உயிரியலை ஏறத்தாழ முழுதாகப் பிடிப்பதும், வேதியியலில் நிலையான மதிப்பெண் எடுப்பதும், இயற்பியலில் எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறான விடைகளைக் குறைக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்தக் கணக்கை வைத்தே எழுதப்பட்டது.

தேர்வின் கணக்கு

2025 முறைப்படி 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு, விட்டுவிட்டால் பூஜ்ஜியம். 2021 முதல் 2024 வரை 200 கேள்விகள் தந்து 180-க்கு விடை கேட்டார்கள். விருப்பக் கேள்விகள் இருந்த அந்த 'பி' பிரிவு இப்போது இல்லை. கடைகளில் கிடைக்கும் பழைய மாதிரித் தாள்களில் பாதி அந்த முறையில் இருக்கும், வாங்கும்முன் பாருங்கள். அந்தந்த ஆண்டின் தகவல் கையேடு வெளியானதும் முறை மாறியிருக்கிறதா என்று முதலில் சரிபார்ப்பது நல்லது.

தவறான விடை ஒரு மதிப்பெண்தான் தின்கிறது என்று நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சரியாகப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் 4-ஐயும் சேர்த்தால் வித்தியாசம் 5. ஒரு மாணவரின் தாளை எடுத்துக்கொள்வோம்:

உயிரியலில் 84 எழுதி 78 சரி, 6 தவறு: 312 − 6 = 306.
வேதியியலில் 36 எழுதி 29 சரி, 7 தவறு: 116 − 7 = 109.
இயற்பியலில் 26 எழுதி 19 சரி, 7 தவறு: 76 − 7 = 69.
மொத்தம் 484.

இவரிடம் 20 தவறுகள் இருக்கின்றன. அவற்றில் பத்து, பாடம் தெரிந்தும் கேள்வியைத் தப்பாகப் படித்ததாலோ அலகு மாற்றத் தவறியதாலோ வந்தவை என்று வையுங்கள். அந்தப் பத்தும் சரியாகியிருந்தால் 50 கூடி 534. புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமல் கிடைக்கும் 50 இது.

ஊகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். ஒரு விடையை நிச்சயமாக நீக்க முடிந்தால் 0.67. இரண்டை நீக்க முடிந்தால் 1.5. அதாவது இரண்டுக்கு நடுவே தடுமாறினால் துணிந்து குறிக்கலாம். ஒன்றுமே தெரியாத 20 கேள்விகளைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரி லாபம் வெறும் 5 மதிப்பெண். அதுவும் ஒரு நாள் 15 கூடும், இன்னொரு நாள் 5 குறையும். தரவரிசை அடர்த்தியாக இருக்கும் இடத்தில் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

போன ஆண்டு எத்தனை மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்பதை இலக்காக வைக்காதீர்கள். 2025-ல் இயற்பியல் கடினமாக வந்ததால் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 144-க்கு இறங்கியது. முந்தைய ஆண்டு அது 162. மதிப்பெண் இப்படி ஏறி இறங்கும், தரவரிசை அந்த அளவுக்கு மாறாது. மாநிலத் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டுப் பட்டியல் இருக்கும். உங்கள் இனப்பிரிவில் ஒவ்வொரு பல் மருத்துவக் கல்லூரியும் எந்தத் தரவரிசையில் முடிந்தது என்று பார்த்து எழுதி வையுங்கள். தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு என்பது அந்தப் பட்டியலைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

தகுதியும் விண்ணப்பமும்

சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்), ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். அறிவியல் பாடங்களைச் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு இப்போது இல்லை.

விண்ணப்பத்தில் இடறும் இடங்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது பெயர். தமிழ்நாட்டில் ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளிச் சான்றில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் விரிவாக என்று மூன்று விதமாக இருப்பது சகஜம். விண்ணப்பம் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பத்தாம் வகுப்புச் சான்றோடு ஆதாரை ஒத்துப்போகச் செய்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்பது படிப்பைத்தான் தின்னும்.

இரண்டாவது சாதிச் சான்றிதழ். நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலக் கலந்தாய்வுக்குச் செல்லும். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. சலுகை கேட்பதற்கு மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். இது நிதியாண்டைப் பொறுத்தது, போன வருடத்துச் சான்று செல்லாமல் போகலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் வருவாய்த் துறை சரிபார்த்துக் கையெழுத்தாகி வர நாளாகும்.

மூன்றாவது கைபேசி எண்ணும் மின்னஞ்சலும். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கலந்தாய்வின்போது ஓ.டி.பி.க்காக அவரைத் தேடி அலைபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். வீட்டில் நிரந்தரமாக இருக்கும் எண்ணைக் கொடுங்கள்.

2025-ல் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓ.பி.சி.க்கும் பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கும் 1,600, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000. பாஸ்போர்ட் அளவுப் படம், அஞ்சலட்டை அளவுப் படம், கையெழுத்து, இரு கை விரல் ரேகைகள் ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து வையுங்கள். அதே படத்தில் பத்துப் பிரதிகள் போட்டு வைத்தால் கல்லூரியில் சேரும் நாள் வரை உதவும்.

எந்தப் புத்தகம்

நீட் கேள்விகள், குறிப்பாக உயிரியலில், மத்திய பாடத்திட்டத்தின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரிகளை ஒட்டியே வரும். சமச்சீர்ப் புத்தகம் அதைவிடத் தாழ்ந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. பல பாடங்களில் நம் புத்தகம் விரிவானது. ஆனால் கேள்வி எடுப்பவரின் மேசையில் இருப்பது என்.சி.இ.ஆர்.டி. புரிந்துகொள்ளச் சமச்சீரைப் படியுங்கள், இறுதி வாசகத்துக்கும் எண்களுக்கும் என்.சி.இ.ஆர்.டி.யை நம்புங்கள்.

திருத்தப்பட்ட என்.சி.இ.ஆர்.டி.யில் பதினொன்றும் பன்னிரண்டும் சேர்த்து உயிரியலில் 32, இயற்பியலில் 28, வேதியியலில் 19 பாடங்கள். மொத்தம் 79. ஆனால் 2024 தேர்வுக்காகச் சுருக்கப்பட்ட நீட் பாடத்திட்டமும் இந்தப் புத்தகமும் முழுதாகப் பொருந்தவில்லை. 13 முதல் 18 வரையிலான தொகுதிகளின் பி-பிளாக் தனிமங்கள் பாடத்திட்டத்தில் உண்டு, புதிய என்.சி.இ.ஆர்.டி.யில் அந்தப் பாடமே இல்லை. பன்னிரண்டாம் வகுப்புச் சமச்சீர் வேதியியல் முதல் தொகுதியில் அது இரண்டு பாடங்களாக இருக்கிறது, அங்கே படித்துக்கொள்ளலாம். தாவரக் குடும்பங்களும் அப்படியே. மால்வேசி, குருசிஃபெரே, லெகுமினோசே, காம்போசிட்டே, கிராமினே என்று ஐந்தைப் பாடத்திட்டம் கேட்கிறது. புதிய புத்தகத்தில் மிஞ்சியிருப்பது சொலானேசி மட்டும். 2024-க்கு வெளியான பாடத்திட்டத்தில் தவளையைப் 'பூச்சி' என்றுகூட அச்சடித்திருந்தார்கள். ஆகவே பாடத்திட்டத்தை அச்செடுத்து மேசையில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று நீங்களே எழுதிக்கொள்வதுதான் முதல் வாரத்து வேலை.

எதிர்ப்பக்கமும் உண்டு. திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், பலபடிகள், கனிம ஊட்டம் போன்றவை நீட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. செரித்தலும் உட்கிரகித்தலும் என்ற பாடமும் போய்விட்டது. பற்சூத்திரம் 2123 என்று படித்தது அந்தப் பாடத்தில்தான். பல் மருத்துவர் ஆகப் போகிறவரிடம் நீட் பல்லைப் பற்றி எதுவும் கேட்பதில்லை! பள்ளித் தேர்வுக்கு அதைப் படியுங்கள், நீட் அட்டவணையில் அதற்கு நேரம் ஒதுக்காதீர்கள்.

உயிரியல்: 360-ல் முந்நூறுக்கு மேல்

பி.டி.எஸ். இடம் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. இருவர் ஒரே மதிப்பெண் எடுத்தால் உயிரியல் மதிப்பெண் கூடியவரே தரவரிசையில் முன்னால் வருவார், அதுவும் சமமானால் வேதியியல், பிறகு இயற்பியல்.

ஒவ்வொரு பாடத்தையும் மூன்று முறை, மூன்று விதமாகப் படியுங்கள். முதல் முறை கோடிடாமல், கதை போல. இரண்டாம் முறை பென்சிலுடன்: எண்கள், அறிவியலாளர் பெயர், 'தவிர', 'மட்டும்', 'பெரும்பாலும்' போன்ற சொற்கள், உதாரண உயிரினங்கள். மூன்றாம் முறை புத்தகத்தை மூடிவிட்டு, படங்களை வெற்றுத்தாளில் வரைந்து பெயர் குறியுங்கள். நெஃப்ரான், கருப்பை, விந்தகக் குறுக்குவெட்டு, சூல், ஈ.சி.ஜி. வரைபடம் ஆகியவற்றை வரைய முடியாவிட்டால் அந்தப் பாடம் இன்னும் கைக்கு வரவில்லை.

எண்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் கலைந்துவிடும். இணைத்துப் படித்தால் நிற்கும். இதயம் ஒரு துடிப்பில் 70 மி.லி. ரத்தம் தள்ளுகிறது, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக 5,040 மி.லி., அதாவது ஏறத்தாழ 5 லிட்டர். சிறுநீரகத்தில் நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகிறது, 1,440 நிமிடத்தால் பெருக்கினால் ஒரு நாளுக்கு 180 லிட்டர். ஒன்று மறந்தாலும் மற்றது அதை மீட்டுத் தரும்.

இப்போதைய தாள்களில் நேரடிக் கேள்விகளைவிடக் கூற்று–காரணம், பொருத்துக, 'கீழ்க்கண்டவற்றுள் எத்தனை சரி' என்ற வகைகள்தான் நேரத்தை இழுக்கின்றன. பொருத்துக கேள்வியில் நான்கையும் பொருத்தப் போகாதீர்கள். உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு இணையை எடுத்து, அது இல்லாத விடைகளை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டாவது இணையிலேயே விடை தனித்து நிற்கும். கூற்று–காரணத்தில் இரண்டும் சரி என்று தெரிந்ததும் பேனாவை எடுத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. கூற்றையும் காரணத்தையும் 'ஏனென்றால்' போட்டு இணைத்து ஒருமுறை மனதுக்குள் வாசியுங்கள். ஒட்டவில்லை என்றால் அது விளக்கம் இல்லை.

பெயர்கள் கலங்கும் பாடங்களுக்கு ஒரு பெரிய தாளில் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள்: விலங்குலகத் தொகுதிகளும் உதாரணங்களும், ஹார்மோன்கள், நோய்களும் அவற்றின் கிருமிகளும், டி.என்.ஏ. ஆய்வுகள். மெசல்சனும் ஸ்டாலும் 1958-ல் ஈ. கோலையில் செய்ததையும், டெய்லர் விசியா ஃபாபா தாவரத்தில் செய்ததையும் மாற்றிப் போட்டுக் கேட்பது இந்தத் தேர்வுக்குப் பிடித்தமான வேலை.

வேதியியல்: மூன்று பிரிவு, மூன்று விதப் படிப்பு

கனிம வேதியியலில் விதியைவிட விதிவிலக்குதான் கேள்வியாகிறது. அலுமினியத்தைவிடக் காலியத்தின் அணு ஆரம் சிறியது. ஆக்சிஜனைவிட நைட்ரஜனின் முதல் அயனியாக்க ஆற்றல் அதிகம். எலக்ட்ரான் ஏற்பில் ஃபுளூரினைவிடக் குளோரின் அதிக ஆற்றலை வெளிவிடுகிறது. இப்படி ஒவ்வொன்றையும் ஒரு வரிக் காரணத்தோடு எழுதினால் இருபது பக்க நோட்டு ஒன்று சேரும். கடைசி மாதத்தில் கனிம வேதியியலுக்கு அந்த நோட்டு போதும்.

கரிம வேதியியலைத் தனித்தனி வினைகளாக மனப்பாடம் செய்பவர்கள் ஜனவரியில் எல்லாவற்றையும் குழப்பிக்கொள்வார்கள். பதினொன்றாம் வகுப்பின் அடிப்படைப் பாடத்துக்கு (தூண்டல் விளைவு, உடனிசைவு, கார்பன் நேரயனியின் நிலைப்புத்தன்மை) மூன்று வாரம் கொடுத்தால் பன்னிரண்டாம் வகுப்பு வினைகளில் பாதி தானாகவே விளங்கும். பெயர் பெற்ற வினைகளுக்கு வினைபொருள், வினைப்பான், விளைபொருள் என்று மூன்று கட்டம் போட்ட அட்டைகள் செய்யுங்கள். ஒரு கட்டத்தை மறைத்து மற்ற இரண்டிலிருந்து சொல்லிப் பழகுங்கள்.

இயற்பிய வேதியியலில் மோல் கருத்து, சமநிலை, வெப்ப இயக்கவியல், மின்வேதியியல், வினைவேகம் ஆகியவை மதிப்பெண் தருபவை. கால்குலேட்டர் கிடையாது என்பதால் லாக் 2 = 0.301, லாக் 3 = 0.477 இரண்டும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். எத்தனை என்றால் 8 என்று குறிப்பவர் இன்றும் இருக்கிறார். அமிலத்தின் பி.எச். 7-ஐத் தாண்டாது, நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்தால் 7-க்குச் சற்றுக் கீழே, 6.98 வரும்.

இயற்பியல்: எதை விடுவது

45 கேள்விகளையும் தொடப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம் இழக்கிறார்கள். முதல் சுற்றில் சூத்திரத்தில் எண்ணைப் போட்டதும் விடை வரும் பாடங்களை உறுதிசெய்யுங்கள்: அலகுகளும் அளவீடும், ஈர்ப்பியல், வெப்ப இயக்கவியல், மின்னோட்டம், மின்தேக்கி, கதிர் ஒளியியல், பருப்பொருளின் இருமைப் பண்பு, அணுவும் அணுக்கருவும், குறைக்கடத்தி. சுழற்சி இயக்கம், மின்காந்தத் தூண்டலின் நீளமான கணக்குகள் போன்றவற்றை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளலாம்.

செய்முறைத் திறன்கள் என்ற அலகு பாடத்திட்டத்தின் கடைசியில் இருப்பதால் பலர் திறந்தே பார்ப்பதில்லை. வெர்னியர், திருகு அளவி, மீட்டர் அளவுகோல் சமநிலை, ஒத்ததிர்வுக் குழாய், செனார் டையோடு எல்லாம் அதில் உண்டு. வெர்னியர் கணக்கில் தவறுவது சுழிப்பிழையின் குறியில். முதன்மை அளவு 3.2 செ.மீ., ஒன்றிய பிரிவு 6, மீச்சிற்றளவு 0.01 செ.மீ. என்றால் அளவீடு 3.26. சுழிப்பிழை +0.03 என்றால் கழிக்க வேண்டும், 3.23. பிழை எதிர்க்குறியாக இருந்தால் கூட்ட வேண்டும். நேர்க்குறி என்றதும் கூட்டத் தோன்றும், அதற்கான தவறான விடையும் நான்கில் ஒன்றாகக் காத்திருக்கும்.

கணக்கைச் சுருக்கும் எண்களைச் சேர்த்து வையுங்கள். ஃபோட்டான் ஆற்றலுக்கு 1,240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட்டில் விடை. 310 நானோமீட்டர் ஒளி என்றால் 4. உலோகத்தின் வெளியேற்று ஆற்றல் 2.5 என்றால் பெரும இயக்க ஆற்றல் 1.5 எலக்ட்ரான் வோல்ட். முழுச் சூத்திரத்தில் பிளாங்க் மாறிலியைப் போட்டுப் பெருக்கினால் இரண்டு நிமிடம் எடுக்கும் கணக்கு, இருபது வினாடியில் முடியும். விடையை எட்டியதும் அலகைப் பாருங்கள். சென்டிமீட்டரில் கேட்டு மீட்டரில் ஒரு விடை வைத்திருப்பது வழக்கம்.

தமிழ் வழியில் எழுதுபவர்களுக்கு

தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். தேர்வு மையத்தைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே தேர்ந்தெடுங்கள். மொழிபெயர்ப்பில் முரண் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. 2018-ல் 49 கேள்விகளின் தமிழாக்கம் பிழையானது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது, உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. பிறகு நீதி கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது, அறையிலேயே இரண்டு வடிவத்தையும் பார்க்கத் தெரிய வேண்டும்.

என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் இந்தப் புத்தகங்களைத் தமிழில் வெளியிடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் 30 முதல் 40 கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிய நோட்டு ஒன்று வேண்டும். குழப்பும் இணைகளை முதலில் எழுதுங்கள்: உந்தம் என்றால் மொமன்டம், திருப்புத்திறன் என்றால் மொமன்ட். மின்தடை ரெசிஸ்டன்ஸ், மின்தடை எண் ரெசிஸ்டிவிட்டி. வெப்ப ஏற்புத்திறன் ஹீட் கெப்பாசிட்டி, தன் வெப்ப ஏற்புத்திறன் ஸ்பெசிஃபிக் ஹீட் கெப்பாசிட்டி. ஒரு சொல் விடுபட்டால் விடை மாறிவிடும் இடங்கள் இவை. மாதிரித் தேர்வு எழுதும்போது தமிழில் படித்துவிட்டு, 'அல்ல', 'தவறானது' என்ற சொற்களை ஆங்கில வரியிலும் ஒருமுறை சரிபார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

ஜூன் முதல் மே வரை

2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இல்லை. அந்தப் பாடத்தைப் பள்ளியிலும் வீட்டிலும் தள்ளிவைக்கும் ஆசை இனி கூடும். நீட்டில் கிட்டத்தட்ட பாதிக் கேள்விகள் அங்கிருந்துதான் வருகின்றன. பிளஸ் ஒன் பாடத்தை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவருக்கு ஏப்ரல் போதாது.

ஜூன் முதல் ஜனவரி வரை ஏறத்தாழ 35 வாரங்கள். 79 பாடங்களுக்கு வாரம் இரண்டே கால் பாடம். பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு நடக்கும்போதே, அதோடு தொடர்புள்ள பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையும் அந்த வாரத்தில் சேருங்கள். மரபியல் நடக்கும்போது செல் பகுப்பு, மின்வேதியியல் நடக்கும்போது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகள், நிலைமின்னியல் நடக்கும்போது ஈர்ப்பியல். பள்ளி நாளில் நான்கு மணி நேரம் கிடைத்தால் உயிரியலுக்கு ஒன்றரை, இயற்பியலுக்கு ஒன்றரை, வேதியியலுக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை புதிய பாடம் வேண்டாம், அந்த வாரத்தில் படித்ததிலிருந்து 90 கேள்விகளை 90 நிமிடத்தில் எழுதுங்கள்.

பிப்ரவரியும் மார்ச்சும் செய்முறைக்கும் பொதுத் தேர்வுக்கும் போய்விடும். அதில் வருத்தப்பட எதுவுமில்லை, நாளுக்கு முப்பது உயிரியல் கேள்விகள் மட்டும் விடாமல் இருங்கள். பொதுத் தேர்வு முடிந்து நீட் வரை ஏறத்தாழ 40 நாள் கிடைக்கும். முதல் 15 நாள் பிளஸ் ஒன் பாடங்கள். அடுத்த 20 நாள் ஒரு நாள் முழு மாதிரித் தேர்வு, மறுநாள் அதன் அலசல். கடைசி ஐந்து நாள் உங்கள் சொந்த நோட்டுகள் தவிர வேறு எதையும் தொட வேண்டாம்.

மாதிரித் தேர்வும் தவறு நோட்டும்

மாதிரித் தேர்வைப் பிற்பகல் 2 முதல் 5 வரை எழுதுங்கள். சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் வரும் நேரம் அது, உடம்பு அதற்குப் பழக வேண்டும். அச்சிட்ட ஓ.எம்.ஆர். தாளில், பந்துமுனைப் பேனாவால் நிரப்புங்கள். கைபேசிச் செயலியில் விரலால் தட்டி எழுதும் தேர்வு இந்தப் பயிற்சியைத் தராது. 180 வட்டங்களை நிரப்ப 10 முதல் 12 நிமிடம் ஆகும் என்பது அப்போதுதான் தெரியும்.

உயிரியலை 45-லிருந்து 50 நிமிடத்துக்குள்ளும், வேதியியலை 50-க்குள்ளும் முடித்தால், இயற்பியலுக்கு ஒரு மணி நேரமும், வட்டம் நிரப்பும் நேரம் போகக் கையில் பத்துப் பதினைந்து நிமிடமும் மிஞ்சும். எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக வட்டம் நிரப்பும் பழக்கம் ஆபத்து. வினாத்தாளின் இரண்டு பக்கம் முடிந்ததும் அவற்றின் விடைகளை மாற்றிவிடுங்கள். விட்ட கேள்வியின் எண்ணைப் பெரிதாகச் சுழித்து வையுங்கள். 63-ஐ விட்டுவிட்டு 64-இன் விடையை 63-இல் நிரப்பி, பத்துக் கேள்வி தாண்டிக் கண்டுபிடித்தால் திருத்த வழியில்லை.

தேர்வு எழுதிய மூன்று மணி நேரத்தைவிட அதை அலசும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தவறையும் நோட்டில் எழுதிப் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: தெரியாது, தப்பாகப் படித்தேன், கணக்குப் பிழை, வட்டம் மாறியது, ஊகம். ஐந்து தேர்வு முடிந்ததும் எந்தக் காரணம் அதிகம் என்று எண்ணுங்கள். 'தப்பாகப் படித்தேன்' மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இன்னும் படிப்பதால் அது சரியாகாது. கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்து, 'தவறானது' என்ற சொல்லைக் கோடிட்ட பிறகே விடைகளைப் பார்க்கும் ஒழுங்கு வேண்டும்.

தேர்வு நாள்

முந்தைய நாளே மையத்தைப் போய்ப் பார்த்து வாருங்கள். கதவு 1.30-க்கு மூடப்படும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் உள்ளே விடமாட்டார்கள். அரைக்கை ஆடை, சாதாரணச் செருப்பு, நகை வேண்டாம். நுழைவுச் சீட்டு (அஞ்சலட்டை அளவுப் படம் ஒட்டிய பக்கத்துடன்), கூடுதலாக ஒரு பாஸ்போர்ட் படம், அசல் அடையாள அட்டை, உள்ளே தெரியும் தண்ணீர் பாட்டில். பேனா உள்ளேயே கொடுப்பார்கள்.

வினாத்தாள் கைக்கு வந்ததும் அதன் குறியீடும் ஓ.எம்.ஆர். தாளின் குறியீடும் ஒன்றா என்று பாருங்கள். மாறியிருந்தால் எழுதத் தொடங்கும் முன்பே கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள். வினாத்தாளை வீட்டுக்கு எடுத்து வரலாம் என்பதால் விடைகளை அதிலும் குறியுங்கள். பின்னர் தேர்வு முகமை வெளியிடும் விடைக்குறிப்பைச் சரிபார்க்கவும், தவறென்று தோன்றினால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கவும் அது உதவும்.

கலந்தாய்வு

நீட் முடிவு வந்தால் இடம் தானாக வராது. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் எம்.சி.சி. என்ற மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவில் பதிவு செய்ய வேண்டும். மாநில ஒதுக்கீட்டுக்கு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழுவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றொன்றுக்கும் சேர்ந்துவிடும் என்று நினைத்து வாய்ப்பை இழப்பவர் உண்டு. தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் உள்ளன. புதுச்சேரியின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்துக்கான மாநில இடங்கள், அந்த அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியே நிரப்பப்படுகின்றன.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பி.டி.எஸ்.ஸுக்கும் உண்டு. இதற்கு ஒவ்வொரு வகுப்பும் எங்கே படித்தார் என்ற சான்று தலைமையாசிரியர் கையெழுத்துடன் வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறியவர்கள் மே மாதக் கடைசியிலேயே வாங்கத் தொடங்குங்கள், விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பது எளிதல்ல.

விருப்பப் பட்டியலில் வரிசைதான் எல்லாம். மாநிலக் கலந்தாய்வில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் ஒரே பட்டியலில் வரும். மேலே வைத்த இடம் கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை பார்க்கப்படாது. 'கிடைக்காது' என்று நீங்களே முடிவு செய்து விரும்பிய கல்லூரியை விட்டுவிடாதீர்கள், விரும்பாததை நிரப்புவதற்காகவும் சேர்க்காதீர்கள். சேர்ந்தபின் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்பது அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பெற்றோரும் படித்த பிறகே பட்டியலைப் பூட்டுங்கள்.

தனியார் கல்லூரிகளை ஒப்பிடும்போது கட்டடத்தைவிடப் புறநோயாளிகள் கூட்டத்தைப் பாருங்கள். மூன்றாம், நான்காம் ஆண்டில் பல் எடுப்பது, அடைப்பது, பல்செட் செய்வது எல்லாம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் முடித்தாக வேண்டும். நோயாளிகள் வராத கல்லூரியில் அந்த எண்ணிக்கைக்கே மாணவர்கள் திண்டாடுவார்கள். ஒரு வேலைநாள் காலை பத்து மணிக்குப் போய்ப் பதிவுச் சீட்டு வரிசையின் நீளத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கட்டணத்தோடு கருவிகள், மெழுகு, பயிற்சிப் பற்கள் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஆகிறது என்று அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். அலுவலகத்தில் தரும் கட்டணத் தாளில் அந்தத் தொகை பெரும்பாலும் இருக்காது.